பத்துக்கு எட்டு தாத்தா

படகு வைத்திருப்பவர்கள் படகு ஓட்டுவார்கள் என்று நினைப்பவர்களிடம் படகு இருக்காது. வைத்திருப்பவர்கள் அதைத் தேய்ப்பார்கள், ஒட்டுவார்கள், பூசுவார்கள், கிரீஸ் வைப்பார்கள்; பிறகு அதன் நிழலில் மல்லாந்து படுத்துக்கொண்டு அடுத்து எதைக் கழற்றலாம் என்று யோசிப்பார்கள். தண்ணீரில் இறக்கிவிட்டால் இந்தச் சுகமெல்லாம் பறிபோய்விடுமே என்று உள்ளூர ஒரு பயமும் இருக்கும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இந்த வியாதி வந்தால் அதில் ஓர் அர்த்தம் உண்டு. எனக்கு வந்தபோது நான் கள்ளக்குறிச்சிப் பக்கம் இருந்தேன். கடலுக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழு மாவட்டம் கிடந்தது.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. மலைக்கும் ஊருக்கும் நடுவே ஏரி. ஏரிக்கரை கிழக்கே, மலை மேற்கே. சாயங்காலம் கரையில் நின்றால் மலை தலைகீழாகத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும், கொக்குகள் அதன் உச்சியில் நின்று மீன் பிடித்துக்கொண்டிருக்கும். சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சிதான். ஆனால் அதற்கு நடுவில் ஒரு வெள்ளைப் பாய் மெதுவாக நகர்ந்து போனால் எப்படி இருக்கும் என்ற நினைப்பு புதுச்சேரிக்குப் போய் வந்த பிறகுதான் எனக்கு வந்தது. வந்தது போகவே இல்லை.

புதுச்சேரியில் நான் ஒரு பல் லேபில் வேலை பார்த்தேன் (டாக்டர் அளவெடுத்து அனுப்புவார், பல் செட் செய்து கொடுப்பது எங்களைப் போன்றவர்கள், சிரிப்பு உங்களுடையது, உழைப்பு எங்களுடையது). ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையில் ஒருவர் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். சேர்ந்தேன். நன்றாகவே வந்தது. அவர் ஊரை விட்டே போக முடிவு செய்தபோது தன் படகுகளில் மிகப் பழையதை யாருக்காவது கொடுத்துவிட நினைத்தார். யாருக்கு வேண்டும் என்று கேட்டு முடிப்பதற்குள் என் கை மேலே போய்விட்டது. மூன்று பேர் உட்காரக்கூடிய ஃபைபர் படகு, கூடவே அதை ஏற்றி இழுத்துப் போக ஒரு ட்ரெய்லர். அடுத்த மாதமே கள்ளக்குறிச்சி லேபில் வேலை தேடிக்கொண்டு, படகை ஒரு ஜீப்பின் பின்னால் கட்டி ஊருக்கு இழுத்து வந்தேன். தியாகதுருகத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது கூட்டம் கூடிவிட்டது. ஒரு பெரியவர் கவலையோடு, எங்கேயாவது வெள்ளம் வரப்போகிறதா என்று விசாரித்தார்.

அப்பா கரும்புக் களையெடுப்பிலிருந்து நேராக வந்து நின்றார்.

"இன்னா இது?"

"படகுப்பா."

"படகுன்னு தெரியுது. இன்னாத்துக்கு?"

நான் ட்ரெய்லரை ஜீப்பிலிருந்து அவிழ்க்கப் போய்விட்டேன்.

படகு வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் குடியேறியது. அம்மா அதில் மரவள்ளிச் சிப்ஸ் காயவைத்தாள். கோழி உள்ளே போய் அடை உட்கார்ந்தது. நான் லேபிலிருந்து வந்ததும் முகம் கழுவாமல் படகுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். அடிப்பக்கம் நெடுகிலும் விரிசல். பல்லை ஒட்டத் தெரிந்தவளுக்குப் படகை ஒட்டத் தெரியாதா என்ற திமிர் எனக்கு. ரெசின் கலக்கி, ஃபைபர் துணி வைத்துப் பூசி, லேபில் பல் செட்டுக்குப் போடுகிற பாலிஷையே போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. கைவசம் இருந்த நிறமி மட்டும் ஈறுக்குப் போடுகிற ரோஸ் நிறம் (வேறு நிறத்தில் ஈறு உள்ளவர்கள் எங்கள் கஸ்டமர்களில் இல்லை). வெள்ளைப் படகின் அடியில் நீளமான ரோஸ் வரி. பக்கவாட்டில் இருந்து பார்த்தால் படகு சிரிப்பதுபோலவே இருக்கும்.

அதன் பிறகு என் கை நிற்கவில்லை. ட்ரெய்லரின் பேரிங்கை உப்புக்காற்று தின்றிருந்தது. ஊர் மெக்கானிக் அந்த அச்சையே தூக்கிப் போட்டுவிட்டு, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டயர் வண்டியின் அச்சை மாட்டினார். படகோடு சேர்த்து இரண்டு எருமைகளை ஏற்றினாலும் தாங்கும் என்று உத்தரவாதமும் கொடுத்தார். பாய்மரத்தின் உச்சியில் உடைந்த கப்பிக்குப் பதிலாகக் கிணற்றுக் கப்பி. அது சுற்றும்போது பாய் ஏறுகிறதா, தண்ணீர் இறைக்கிறார்களா என்று எனக்கே சந்தேகம் வரும். கயிறு எல்லாம் மாடு கட்டுகிற நைலான் கயிறு. ஒவ்வொன்றும் மாற்றி முடித்ததும் இனி இறக்கிவிடலாம் என்று தோன்றும். மல்லாந்து படுத்து யோசித்ததும் இன்னொன்று கண்ணில் படும்.

அப்படிக் கண்ணில் பட்டதுதான் பாய்மரம். வளைந்திருந்தது. புதுக் குழாய் தேடிக் கள்ளக்குறிச்சியில் சொட்டு நீர்ப் பாசனக் கடைக்குப் போனேன். அங்கே ஃபிட்டிங் வேலை பார்த்த ஏழுமலை எந்தப் பயிருக்கு என்று கேட்டார். பயிருக்கு இல்லை, பாய் கட்ட என்றேன். அவர் சிரிக்கவில்லை. எவ்வளவு காற்றைத் தாங்க வேண்டும் என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனிதர் அவர். நான் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டேன் என்பதைப் பல நாள் கழித்துத்தான் அவரிடம் சொன்னேன். அவர் அதற்குள் குழாய் போட, குழாயைச் சரிபார்க்க, சரிபார்த்ததை மறுபடி சரிபார்க்க என்று எங்கள் வீட்டுக்குப் பல தடவை வந்து போயிருந்தார்.

இரண்டு வீட்டிலும் பேச்சு எடுத்தோம். ஜாதகம் பார்த்தார்கள், பொருந்தியது. அவருடைய அம்மாவுக்கு என் போட்டோ பிடித்தது. அவருடைய அப்பாதான் தடை. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு விவசாயம் செய்கிறவர், அதிகம் பேசாதவர். பால் கறக்காத, பயிர் கொடுக்காத, ஆளை ஏற்றிச் சந்தைக்குப் போகாத ஒன்றை ஒரு பெண் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள் என்றால் தலையில் ஏதோ கழன்றிருக்கிறது என்பது அவர் கணக்கு. கடைசியில் என் அப்பாவுக்குப் போன் செய்து, பெண்ணைப் பார்க்க அவசரம் இல்லை, அந்தப் படகைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். தை பிறந்ததும் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னார்.

அப்பா போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "அவங்க முன்னாடி அது ஒழுங்கா மெதந்துச்சின்னா சரி. மானத்த வாங்கிச்சின்னா பழைய இரும்புக்காரன் வந்து எடுத்துக்கினு போவான். அப்பறம் நான் காட்டற எடத்துல தலைய நீட்டணும்." அப்பா கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. நிதானமாகச் சொன்னார். படகு, ஏழுமலை இரண்டும் ஒரே கயிற்றில் தொங்குகின்றன என்று புரிந்தது.

இந்த நிலைமையில்தான், வைக்கோல் போரில் சுருட்டி வைத்திருந்த பாயை விரித்துப் பார்த்தேன். எலி குடும்பம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்திருந்தது. பாய் இல்லை, பாய் வடிவத்தில் ஓட்டை இருந்தது.

புதுப் பாய் ஆர்டர் கொடுத்து வருவதற்குள் தை முடிந்து மாசி பிறந்துவிடும். எங்கள் பக்கத்தில் மழையைத் தடுக்கவோ வெயிலை மறைக்கவோ எது வேண்டுமென்றாலும் கை தானாகப் போவது ஃபிளக்ஸ் பேனரிடம்தான். வைக்கோல் போர் மேல் காதுகுத்து, மாட்டுக் கொட்டகை மேல் பிறந்தநாள், கோழிக்கூண்டு மேல் வேட்பாளர். நானும் ஃபிளக்ஸிலேயே பாய் கட்ட முடிவெடுத்தேன். கிடைத்ததெல்லாம் மெலிசு, வெயிலில் வெடித்தது. ஏழுமலையிடம் போனில் புலம்பினேன்.

"எங்க வூட்டுப் பரண் மேல ஒன்னு சும்மா கிடக்குது. நல்ல கனம். பத்துக்கு எட்டு அடி."

"அப்பறம் என்னங்க, எடுத்துட்டு வாங்க."

"அதுல எங்க தாத்தா இருக்காரு."

தாத்தா முந்தின வருடம் காலமானவர். ஊரில் பெரிய மனிதர் என்பதால் கடையில் இருப்பதிலேயே கனமான ஃபிளக்ஸில் கண்ணீர் அஞ்சலி அடித்து ஊர் முனையில் கட்டியிருந்தார்கள். காரியம் முடிந்ததும் சுருட்டிப் பரணில் வைத்தார்கள். இதுதான் சிக்கல். காதுகுத்து பேனரை மாட்டுக்குப் போர்த்தலாம், இறந்த பெரியவரைப் போர்த்த முடியாது. தூக்கிப் போடவும் முடியாது. எங்கள் பக்கத்தில் பல வீட்டுப் பரண்களில் பெரியவர்கள் இப்படிச் சுருண்டு படுத்திருக்கிறார்கள். ஏழுமலையின் அப்பா அந்தப் பக்கம் தலை தூக்கியும் பார்ப்பதில்லையாம். எடுத்தால் தெரியாது என்றார் ஏழுமலை. பேரனோடு படகில் போவதைத் தாத்தா தப்பாக நினைக்க மாட்டார் என்றும் சொன்னார். காதலிக்கும்போது இப்படிப்பட்ட வாதங்கள் மிகத் தெளிவாக விளங்கும்.

பேனரை எங்கள் களத்தில் விரித்தோம். தாத்தா கைகூப்பிச் சிரித்தார். வெற்றிலைப் பெட்டி அளவுக்கு ஒவ்வொரு கண், அருவாள் மாதிரி மீசை. என் படகுக்கு வேண்டியது முக்கோணப் பாய். முக்கோணமாக வெட்டினால் தாத்தாவின் ஒரு காதும் பாதி நெற்றியும் போய்விடும். தார்ப்பாய் தைக்கிற பூபதி அண்ணன் கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். எங்களுக்கு மனசு வரவில்லை. உடனே நான் படகின் அமைப்பையே மாற்றிவிட்டேன். நாலு மூலைப் பாய், மேலே குறுக்காக ஒரு மூங்கில். உலகத்தில் எவ்வளவோ காரணங்களுக்காகப் பாயின் வடிவத்தை மாற்றியிருப்பார்கள். தாத்தாவின் காதுக்காக மாற்றியது நாங்களாகத்தான் இருக்கும்.

அடுத்து முகத்தை மறைக்க வேண்டும். பொங்கலுக்கு வீட்டுச் சுவரில் அடித்து மிஞ்சிய வெள்ளைப் பிரைமர் இருந்தது. இங்கேதான் நான் என் தொழிலுக்குத் துரோகம் செய்தேன். வழவழப்பான பிளாஸ்டிக் மேல் எதுவும் ஒட்டாது, முதலில் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்க வேண்டும். லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடமே அதுதான். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு தாத்தாவின் கன்னத்தருகே உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நாளைக்கு நான் மருமகளாகப் போகிற வீட்டின் பெரியவர் மூஞ்சியில் எப்படி உப்புத்தாள் தேய்ப்பது? தேய்க்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் தாத்தா என்று சொல்லிவிட்டு மேலோடு பூசினேன். காய்ந்ததும் இன்னொரு தடவை. பால் மாதிரி வெள்ளை.

அந்த நாள் வந்தது. ஏரி நிறைந்து அலம்பிக்கொண்டிருந்தது. வேனில் ஏழுமலையின் அப்பா, அம்மா, அத்தை, இன்னும் சொந்தக்காரர்கள். கரையில் எங்கள் ஊரே இருந்தது. வேர்க்கடலை விற்கிறவர் வந்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். டிராக்டர் ட்ரெய்லரைப் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் தள்ளியது. படகு ஒரு தடவை ஆடியது, பிறகு ட்ரெய்லரை விட்டுத் தானாக மேலே எழுந்து நின்றது. இத்தனை நாள் வேப்பமரத்தடியில் பொருளாகக் கிடந்தது அந்த நொடியில் உயிராகிவிட்டது. ஏழுமலையின் அப்பா மடித்துக் கட்டிய வேட்டியோடு கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நானும் ஏழுமலையும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஏறினோம். கப்பி கீச்சிட, பாய் மேலே போனது. மலையிலிருந்து சாயங்காலக் காற்று இறங்கி வந்து அதை நிரப்பியது. கரையை ஒட்டியே வடக்கு நோக்கிப் போனோம். பாயின் அச்சடிக்காத வெறும் வெள்ளைப் பக்கம் கரையைப் பார்த்தது. பிரைமர் பூசிய பக்கம் மலையைப் பார்த்தது. நாங்கள் மலைப்பக்கமாக உட்கார்ந்திருந்தோம்.

அந்தக் கொஞ்ச நேரத்தை நான் எப்படிச் சொல்வது? சத்தமே இல்லை. படகு தண்ணீரைக் கிழிக்கவில்லை, தண்ணீர் தானே விலகி வழிவிட்டது. தலைகீழ் மலையின் மேல் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். அதன் காடுகளும் பாறைகளும் எங்களுக்குக் கீழே நெளிந்து நெளிந்து சேர்ந்தன. தாமரை இலைகள் ஒருபக்கமாக எழும்பி மறுபடி படுத்தன. கரையில் ஊர் சிறுத்துக்கொண்டே போனது. ஏழுமலை தண்ணீருக்குள் கையை விட்டபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். இதற்குத்தான், இந்த ஒன்றுக்காகத்தான் இத்தனையும் என்று நினைத்தேன். ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

அப்போது என் மடியில் ஏதோ வெள்ளையாக விழுந்தது. கொக்கின் இறகு என்று நினைத்தேன். இன்னொன்று விழுந்தது. மேலே பார்த்தேன். பாயில் ஒரு கண் திறந்திருந்தது.

ஏழுமலையும் பார்த்துவிட்டார். காற்றில் ஃபிளக்ஸ் சுருங்கி விரியும்போதெல்லாம் பிரைமர் பொரிந்து பொரிந்து உதிர்ந்தது. இரண்டாவது கண். ஒரு காது (எந்தக் காதுக்காகப் பாயை மாற்றினோமோ அதே காது). மீசையின் ஒரு முனை. தாத்தா அவசரமே இல்லாமல், தூக்கம் கலைந்து எழுகிறவர் மாதிரி வெளியே வந்துகொண்டிருந்தார். கரையில் இருப்பவர்களுக்கு இன்னும் வெள்ளைப் பக்கம்தான் தெரிந்தது. என் அம்மா தூரத்தில் பெருமையாகக் கையை ஆட்டினாள்.

"திரும்பாம போய்க்கினே இருங்க," என்றார் ஏழுமலை.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பாய்மரப் படகு திரும்பினால் பாயின் பக்கமும் மாறும். வடக்கே போகும்போது கரைக்கு முதுகைக் காட்டுகிற தாத்தா, தெற்கே திரும்பினால் முகத்தைக் காட்டுவார். இது படகு ஓட்டுவதில் பால பாடம். திரும்பாமல் இருக்கும்வரை எங்களுக்குக் கல்யாணம் உண்டு. அதனால் போய்க்கொண்டே இருந்தோம். எதிரே ஏரி இன்னும் கொஞ்சம் நீண்டால் தேவலை என்று இருந்தது. இப்படியே போய் மலைக்குள் நுழைந்து, அங்கேயே ஒரு குடிசை போட்டு, தினை விதைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்றுகூட அந்தப் பொன் வெளிச்சத்தில் தோன்றியது. தாத்தாவும் கூட இருப்பார், பெரியவர் துணை. ஏரி அப்படி நீளவில்லை. கருவேல மரக் கூட்டம் முள்ளோடு எதிரே வந்து நின்றது. வேறு வழியில்லாமல் சுக்கானைத் தள்ளினேன்.

திரும்பும்போது பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்த அடியில் மிச்சமிருந்த பிரைமர் ஏறக்குறைய மொத்தமும் உதிர்ந்து தண்ணீரில் பூவாக மிதந்தது. மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்த சூரியன் ஃபிளக்ஸை ஊடுருவி அடித்தது. உள்ளே விளக்கு போட்ட கடை போர்டு மாதிரி, பத்துக்கு எட்டு அளவில், கைகூப்பிச் சிரித்தபடி, கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்தோடு தாத்தா ஏரி மேல் ஊரை நோக்கிப் புறப்பட்டார்.

கரையில் முதலில் சத்தம் நின்றது. அப்புறம் ஏழுமலையின் அத்தை கன்னத்தில் போட்டுக்கொள்வது தெரிந்தது. பார்த்துவிட்டு எங்கள் ஊர்க்காரர்களும் கும்பிட ஆரம்பித்தார்கள். யாரைக் கும்பிடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது, எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டார்கள். ஏழுமலையின் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். என் அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஏழுமலைக்குப் பொறுக்கவில்லை. இடுப்பு வேட்டியை அவிழ்த்து (உள்ளே கால்சட்டை போட்டிருந்தார், அந்த ஒரு விஷயத்தில் தெய்வம் துணை நின்றது) பாயின் முன்னால் விரித்துப் பிடித்துத் தாத்தாவை மறைப்பதற்காகக் கரைப்பக்கமாகத் தாவினார். அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று நான் கத்துவதற்குள் படகு சாய்ந்தது. இருவரும் தண்ணீரில். பாய் பட்டென்று ஏரியில் விழுந்தது. தாத்தா குப்புற விழுந்தார்.

கரையிலிருந்து அப்பா என்று ஒரு குரல் கேட்டது. ஏழுமலையின் அப்பா சட்டை வேட்டியோடு தண்ணீருக்குள் இறங்கி வந்துகொண்டிருந்தார். அந்த இடத்தில் ஆழம் நெஞ்சளவுதான். பெற்ற பிள்ளை லைஃப் ஜாக்கெட்டில் ஆமை மாதிரி மிதந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி நேராகப் பாயிடம் போனார். நான் படகின் அடியில் நீண்டிருக்கிற பலகையில் ஏறி நின்று, கயிற்றைப் பிடித்து முழு பலத்தோடு சாய்ந்தேன். கவிழ்ந்த படகை நிமிர்த்த அதுதான் வழி. அவர் அந்தப் பக்கமிருந்து மூங்கிலைத் தோளில் தாங்கித் தூக்கினார். தாத்தா மீசையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, மெதுவாக எழுந்து நின்றார்.

ஏழுமலையின் அப்பா தலைத்துண்டைப் பிழிந்து அந்த முகத்தைத் துடைத்தார். ஓரத்தில் ஒட்டியிருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஏழுமலையை இனி எங்கே பார்க்கப் போகிறேன் என்று நினைத்ததும் அழுகை வந்தது. முகமெல்லாம் ஏரித் தண்ணீர் என்பதால் அது தெரியவில்லை.

"யாரும்மா இதும்மேல வெள்ளையடிச்சது?"

"நான்தாங்க."

"எங்கப்பா மூஞ்சிய மறைக்கறதுக்கு இன்னா அவசியம் வந்துச்சி?"

பாய் கட்டியதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை என்று எனக்கு உறைக்கச் சிறிது நேரம் ஆனது. நீங்கள் பார்த்தால் மனசு கஷ்டப்படுவீர்கள் என்று பயந்துதான் என்று உளறினேன். அவர் நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றபடி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு போன அன்னிக்கு நான் ஆலையில கரும்பு வண்டியோட வரிசையில நின்னுக்கினு இருந்தேன்மா. வுட்டுட்டு வர மனசு இல்ல. வூட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள கண்ண மூடிட்டாரு. அதுக்கப்பறம் இந்தப் படத்த நிமுந்து பாக்க எனக்குத் தெம்பே வரல." துண்டால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கு அவரே என்னப் பாக்க வந்துக்கினு இருக்கறப்ப நான் இன்னா பண்றது?"

அவர் படகின் விளிம்பைப் பிடித்தார்.

"என்ன ஏத்திக்கினு போ. ஒரு சுத்து."

முதலில் படகில் இருந்த தண்ணீரைக் குடத்தால் மொண்டு ஊற்றினோம். பிறகு ஏறினார். ஏழுமலையும் ஏறப் பார்த்தார். தாத்தாவையும் சேர்த்தால் ஆள் ஜாஸ்தி, நீ கரையிலே இரு என்று சொல்லிவிட்டார் அவர் அப்பா. என் வருங்காலக் கணவர் ஈரக் கால்சட்டையோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நானும் என் வருங்கால மாமனாரும் புறப்பட்டோம்.

படத்தைப் பார்த்தபடி உட்கார வேண்டும் என்று மட்டும் கேட்டார். உட்கார வைத்தேன். வடக்கே போனபோது தாத்தா எங்கள் இருவருக்கும் எதிரே, எட்டித் தொடும் தூரத்தில் இருந்தார். மலை நீலமாகிவிட்டது, தண்ணீரில் வெளிச்சம் மட்டும் கொஞ்சம் மீதி இருந்தது. ஒரே ஒரு தடவை, காற்று குறைந்து பாய் தளர்ந்தபோது, உதடு அசைந்து ஏதோ சொல்வதுபோலத் தாத்தாவின் முகம் நெளிந்தது. இவர் சரிங்கப்பா என்றார். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டேன். அந்த ஏரியை அத்தனை அழகாக நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

கரைக்கு வந்ததும் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே நல்ல நாள் பார்க்கச் சொன்னார். கல்யாணப் பேச்சில் ஒரே ஒரு விஷயத்தில்தான் தகராறு வந்தது. படகு யார் வீட்டில் நிற்பது என்பதில். பெண்ணோடு வருவதுதானே முறை என்று அவர் சொன்னார். அதுவரை இரும்புக்காரரைக் கூப்பிடத் தயாராக இருந்த என் அப்பா, படகு ஊர்ச் சொத்து, அதை அனுப்ப முடியாது என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். கடைசியில் படகு எங்கள் வேப்பமரத்தடியில், பாய் மாமனார் வீட்டில் என்று பிரித்தார்கள். இன்றைக்கும் படகு ஓட்ட வேண்டுமென்றால் தாத்தாவை வண்டியில் அழைத்து வர வேண்டும்.

மாமனார் வீட்டுச் சொந்தத்தில் யாருக்குப் பெண் பார்க்கப் போனாலும், எங்கள் ஏழுமலைக்குத் தாத்தாவே படகேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், நாம் வேனில் போகிறோம் என்று அத்தை ஆரம்பித்துவிடுவார். ஏழுமலையின் கால்சட்டையும் அந்தக் கதையில் தவறாமல் வரும். ஃபிளக்ஸ் வெயிலில் வெடித்துவிடுவதால் அதே தாத்தாவை அதே அளவில் புதிதாக அடித்து மாட்டுகிறோம். மேலே இருந்த கண்ணீர் அஞ்சலி இப்போது இல்லை, மாமனார் எடுக்கச் சொல்லிவிட்டார்.

போன பொங்கலுக்குப் புதுப் பாய் மாட்டிக்கொண்டிருந்தேன். மாமனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து தன்னுடைய போட்டோ ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். ஸ்டுடியோவுக்குப் போய், மீசைக்கு மை தடவி எடுத்துக்கொண்டது. மனிதர் கல்லுக் குண்டு மாதிரி இருக்கிறார், இன்னும் தன் கரும்பைத் தானே வெட்டுகிறார். எதற்கு மாமா இது என்றேன்.

"ஃபிளக்ஸ்ல ரெண்டு பக்கமும் அடிக்க முடியுமான்னு அந்தக் கடைக்காரன்கிட்ட கேட்டு வை," என்றார். "நான் செத்துப் போனப்பறம், படகு போறப்ப எங்கப்பா தெரியட்டும். திரும்பி வர்றப்ப நான் வர்றேன்."